சான் மிகேல் தீவின் தென்னைகள்

பிலிப்பைன்ஸின் லூசான் தீவு தென்கிழக்கே நீண்டு ஒடுங்கும் நிலப்பகுதிக்குப் பிக்கோல் என்று பெயர். மயோன் எரிமலை நிற்பது அங்கேதான். சாம்பல் படிந்த மண்ணும் கொட்டும் மழையும் கொண்ட அந்தப் பகுதி, 19ஆம் நூற்றாண்டில் அபாக்கா என்னும் நார்வாழையை நம்பிப் பிழைத்தது. கப்பல் கயிறு திரிக்க அந்த நார் கடல் கடந்து போயிற்று. சோப்புக்கும் மார்கரினுக்கும் தேங்காய் எண்ணெய் வேண்டியிருந்ததால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொப்பரை வணிகம் தலையெடுக்க, தென்னையும் அங்கே பெரும் பரப்பில் பரவியது. அல்பாய் மாகாணத்தின் தபாகோ துறைமுகத்துக்கு எதிரே உள்ள சான் மிகேல் தீவிலும் தோப்புகள் எழுந்தன. ஏறத்தாழ 2,50,000 மரங்கள் இருந்த அந்தத் தீவில், 1930களின் தொடக்கத்தில் மரங்கள் காய்ப்பு நின்று மெல்ல மெல்லச் சாவதை அதிகாரிகள் பதிவு செய்தார்கள். 1962இல் அங்கே எஞ்சி நின்றவை 80 மரங்கள். உள்ளூரார் அந்த நோயைக் கடாங்-கடாங் என்றார்கள். பிக்கோல் மக்களின் பேச்சில் சாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இதுவரை பிலிப்பைன்ஸில் அந்த நோய்க்கு இரையான தென்னைகள் 3 கோடிக்கு மேல் இருக்கும் என்பது மதிப்பீடு.

அதற்குக் காரணமான பொருள் 1975இல்தான் பிடிபட்டது. வெறும் 246 எழுத்துகள் நீளமுள்ள ஒரு வளைய ஆர்.என்.ஏ. இழை, அதைச் சுற்றிப் புரத உறை கிடையாது, எந்தப் புரதத்தையும் உண்டாக்கும் குறிப்பும் அதில் கிடையாது. இப்படிப்பட்டவற்றுக்கு வைராய்டு என்று பெயர். நோய் உண்டாக்கும் பொருள்களிலேயே மிகச் சிறியது என்று பாடநூல்கள் சுட்டுவது இந்தத் தென்னை வைராய்டைத்தான். நோயைப் பதிவு செய்ததற்கும் காரணத்தைக் கண்டதற்கும் இடையே 40 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருக்கின்றன. பொருள் அவ்வளவு சிறியது, ஆகவே அகப்படவில்லை என்று வழக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. தாமதத்தின் பெரும்பகுதி பொருளின் சிறுமையால் வந்ததன்று என்பதே என் கருத்து. தேடியவர்கள் எதையும் காணவில்லை. காணாததையே இல்லாமைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். தென்னையின் மெதுவான வாழ்க்கை அந்தப் பிழையைத் திருத்த இடம் தரவில்லை. இதே காலத்தில் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு நோய் ஒன்றை ஆராய்ந்தவர்களுக்கும் எதுவும் தென்படவில்லை. அவர்கள் அந்த வெறுமையை வேறு விதமாகப் படித்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் பிக்கோலில் நடந்தது விளங்கும்.

முதலில் நோயின் போக்கைப் பார்க்க வேண்டும், ஏனெனில் வரலாறு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. காய்கள் சிறுத்து உருண்டையாகின்றன. அவற்றின் நடுப்பகுதியைச் சுற்றிக் கீறல் தழும்புகள் விழுகின்றன. ஓலையில் மஞ்சள் புள்ளிகள் தோன்றுகின்றன, கிட்டத்தில் நின்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலொழிய அவை கண்ணில் படா. இந்த முதற் கட்டமே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் நீடிக்கும். காய் குறைந்தாலும் மரம் பச்சையாகத்தான் நிற்கும். அந்த ஆண்டின் மழையையோ உரத்தையோ குறை சொல்லத் தோன்றுமே தவிர, நோய் என்று தோன்றாது. அடுத்த கட்டத்தில் பாளைகள் குறுகிக் கருகி, காய்ப்பு அடியோடு நிற்கிறது. கடைசிக் கட்டத்தில் ஓலைகளின் எண்ணிக்கையும் அளவும் குறைந்து, கொண்டை சுருங்கி மஞ்சளாகி உதிர்கிறது. முதல் அறிகுறியிலிருந்து மரம் சாவதற்கு 8 முதல் 16 ஆண்டுகள் ஆகலாம். வயது முதிர்ந்த மரம் கூடுதல் காலம் தாங்குகிறது. அறிகுறி தோன்றுவதற்கும் முன்பே ஓரிரு ஆண்டுகள் நோய் உள்ளே இருந்திருக்கும். இன்னொன்றும் உண்டு: பூக்கத் தொடங்காத இளமரங்களில் நோய் அரிது. பத்து வயதுக்குக் குறைந்த தென்னை பெரும்பாலும் தப்பித்து நிற்கும். ஒரு விவசாயி கன்று நட்டு, வளர்த்து, காய்ப்புக்கு வந்த பிறகே அந்த முதலீட்டை நோய் பறிக்கிறது. ஆய்வாளர் ஒருவர் ஓர் ஊகத்தைச் சோதிக்க வேண்டுமானால் பதவிக்காலத்தின் பாதியை அதற்கே கொடுத்தாக வேண்டும்.

தொடக்கத்திலேயே சரியான ஊகம் ஒன்று முன்வைக்கப்பட்டது என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கும் செய்தி. லோஸ் பான்யோஸ் வேளாண் கல்லூரியின் தாவர நோயியலாளர் ஜெரார்டோ ஒக்ஃபேமியா 1937இல் கடாங்-கடாங் பற்றி எழுதியபோது, இது வைரஸ் நோயாக இருக்கக்கூடும் என்றார். அவர் சும்மா சொல்லவில்லை. அபாக்காவைத் தாக்கிய முடிக்கொத்து நோய் அசுவினியால் பரவும் வைரஸ் நோய் என்று ஏற்கெனவே நிறுவியவர் அவர். தொற்று என்றால் என்ன, அது தோட்டத்தில் எப்படி நடமாடும் என்று கைப்பழக்கமாகவே அறிந்தவர். ஆனால் அபாக்காவில் எளிதாக இருந்தது தென்னையில் நடக்கவில்லை. அபாக்காக் கன்றில் அசுவினியை விட்டால் சில வாரங்களில் விடை கிடைக்கும். தென்னையில் எந்தப் பூச்சியை விடுவது, எத்தனை ஆண்டு காத்திருப்பது? பூச்சிகள் பல சோதிக்கப்பட்டன. எதுவும் நோயைக் கடத்தியதாக உறுதியாகவில்லை. மின்னணு நுண்ணோக்கி வந்த பிறகு நோயுற்ற மரங்களின் திசுக்களில் வைரஸ் துகள்களைத் தேடினார்கள், அவையும் கிடைக்கவில்லை. கடத்தும் பூச்சியும் இல்லை, துகளும் இல்லை என்றதும், தொற்று என்ற எண்ணமே பலருக்கு நம்பிக்கை இழந்தது.

அந்த இடத்தில் மண் வந்து உட்கார்ந்தது. இதை அறியாமை என்று ஒதுக்குவது பெரும் அநீதி. மண் காரணம் என்ற கருத்தை நீண்டகாலம் முன்னெடுத்த ஹோசே வெலாஸ்கோ பிலிப்பைன்ஸின் தேசிய அறிவியலாளர் பட்டம் பெற்ற தாவர உடலியலாளர். மண்ணில் உள்ள அருமண் தனிமங்களின் நச்சே தென்னையைக் கொல்கிறது என்று அவர் வாதாடினார். வைராய்டு கண்டுபிடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும், 1997இல் எழுதிய நெடுங்கட்டுரையிலும் அந்த நிலையை விடவில்லை. அவர் எழுப்பிய கேள்விகள் வலுவானவை. தொற்று நோய் என்றால் நோயுற்ற மரத்துக்குப் பக்கத்து மரம் அடுத்து நோயுற வேண்டும். பிக்கோலில் நோயுற்ற மரங்கள் தோப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே சிதறிக் கிடந்தன. நோயுற்ற மரங்களை வெட்டியகற்றினால் பரவல் குறைய வேண்டும், குறையவில்லை. இளமரங்களுக்கும் தொற்ற வேண்டும், அவை தப்பின. எரிமலை மண் உள்ள ஓர் ஊரில், ஆண்டுக்கணக்கில் மெதுவாக மஞ்சளாகும் ஒரு மரத்தைப் பார்த்து, வேர் எதையோ உறிஞ்சிவிட்டது என்று நினைப்பது இயல்பான அறிவுதான்.

ஆனால் அந்த மூன்று கேள்விகளும் ஒரே முன்முடிவில் நிற்கின்றன: தொற்று என்றால் அது நமக்குப் பழக்கமான தொற்றுகளைப் போல நடந்துகொள்ளும் என்பது. பக்கத்து மரத்துக்கே முதலில் பரவ வேண்டும் என்று கட்டாயமில்லை. அறிகுறி காட்டும் மரத்தை வெட்டுவதால் பயனில்லாமல் போனதற்கு வேறு விளக்கம் எளிதாகவே கிடைக்கிறது: அறிகுறியே காட்டாமல் ஓரிரு ஆண்டுகளாக நோயைத் தாங்கியிருக்கும் மரங்கள் வெட்டப்படாமல் நின்றன. பூத்த மரங்கள் மட்டும் அகப்படுவது, மகரந்தத்தையோ பூவை நாடி வரும் ஏதோ ஒன்றையோ சுட்டலாம். மண்ணைச் சுட்ட வேண்டியதில்லை. மண்ணின் நச்சுதான் காரணம் என்றால் அதே மண்ணில் பத்தாண்டு வேரூன்றிய மரம் ஏன் நன்றாக இருக்கிறது என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். இத்தகைய எதிர்வாதங்களை 1950களிலேயே சொல்லியிருக்கலாம். அதற்குப் புதுக்கருவி எதுவும் தேவைப்படவில்லை.

இப்போது உருளைக்கிழங்குக்கு வருவோம். அமெரிக்காவில் கிழங்குகள் கதிர்போல நீண்டு ஒடுங்கும் நோய் ஒன்று 1920களிலிருந்தே அறியப்பட்டிருந்தது. அது ஒட்டுவாரொட்டி என்று 1923இல் ஷுல்ட்ஸும் ஃபோல்சமும் காட்டினார்கள். அதன் காரணம் வைரஸ் என்றே எல்லோரும் நம்பினார்கள், ஆனால் அந்த வைரஸை யாரும் பார்த்ததில்லை. இங்கே அதிர்ஷ்டம் ஒன்று வாய்த்தது: 1962இல் ரேமரும் முரியல் ஓ'பிரையனும் அந்த நோயைத் தக்காளிக்கு மாற்றினார்கள். தக்காளிக் கன்று சில வாரங்களில் குறுகிச் சுருண்டு விடை சொல்லிவிடும். மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில்லில் இருந்த அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில், சூரிக்கில் பிறந்த தியோடர் டீனர் இந்தத் தக்காளிச் சோதனையைக் கொண்டு அந்த 'வைரஸை'ப் பிரித்தெடுக்க முயன்றார். அது அதிவேகச் சுழற்சியில் அடியில் படியவில்லை. புரதத்தை நீக்கும் பீனால் அதன் தொற்றும் ஆற்றலைக் குறைக்கவில்லை. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி மட்டும் அதை உடனே அழித்தது. துகள் இல்லாத வெறும் நியூக்ளிக் அமிலம் போல இது நடந்துகொள்கிறது என்று டீனரும் ரேமரும் 1967இல் எழுதினார்கள்.

டீனருக்கு எழுந்த எதிர்ப்பும் பிக்கோலில் எழுந்த எதிர்ப்பும் ஒரே வகையானவை. தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் வைரஸுக்கு இவ்வளவு நீளமாவது மரபுப்பொருள் வேண்டும் என்று ஒரு கீழ்வரம்பு அன்று ஏற்கப்பட்டிருந்தது. டீனர் சொன்ன பொருள் அந்த வரம்புக்குப் பல மடங்கு கீழே இருந்தது. அப்படியானால் வேறொரு துணை வைரஸ் உள்ளே ஒளிந்திருக்கும் என்றார்கள். டீனர் துணை வைரஸைத் தேடினார், கிடைக்கவில்லை. அவரும் ஒரு வெறுமையைத்தான் கண்டார். வேறுபாடு என்னவென்றால், ஒவ்வொரு வெறுமையையும் நூற்றுக்கணக்கான தக்காளிக் கன்றுகளில் திரும்பத் திரும்பச் சோதித்து, 'துகள் இல்லை, ஆனால் தொற்று இருக்கிறது' என்ற இரண்டு கூற்றுகளையும் ஒருங்கே கையில் பிடித்திருக்க அவரால் முடிந்தது. பிக்கோலில் இரண்டாவது கூற்றைப் பிடிக்கச் சோதனைச் செடி இல்லை. முதலாவது மட்டும் கையில் நின்றது. 1971இல் டீனர் வைராய்டு என்ற பெயரை முன்வைத்தார். 1976இல் அது மூடிய வளையம் என்று சேங்கரின் குழு காட்டியது. 1978இல் ஜெர்மனியில் கிராஸும் தோழர்களும் அதன் 359 எழுத்துகளையும் வரிசையாகப் படித்து முடித்தார்கள். நன்கு அறியப்பட்ட புகையிலைத் தேமல் வைரஸுக்கு ஏறத்தாழ 6,400 எழுத்துகள் உண்டு என்பதை நினைத்தால் இதன் குறுமை புரியும்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். சிறிய ஆர்.என்.ஏ.க்களைக் கூழ்மத்தில் மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்கும் முறை 1960களில்தான் ஆய்வகங்களுக்கு வந்தது. அதற்கு முன் பிக்கோலில் யார் எதைக் கண்டிருக்க முடியும்? கருவியில்லாதவர்களைக் குறை சொல்வது பின்னோக்கிப் பார்ப்பவரின் சொகுசு அல்லவா? இந்த மறுப்பில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மூலக்கூறை 1960களுக்கு முன் யாராலும் கண்டிருக்க முடியாது. ஆனால் மூலக்கூறைக் காண்பது வேறு, நோய் தொற்றுவது என்று முடிவு செய்வது வேறு. உருளைக்கிழங்கில் இரண்டாவது முடிவு 1923லேயே வந்துவிட்டது, காரணத்தைக் காண்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே. அந்த முடிவு கையில் இருந்ததால் விவசாயிகள் நோயற்ற விதைக்கிழங்கைத் தேர்ந்தெடுத்து நடவும், ஆய்வாளர்கள் தேடலை விடாமல் தொடரவும் வழி இருந்தது. பிக்கோலில் அந்த முடிவே ஆடிக்கொண்டிருந்தது. ஒரு தலைமுறை அறிஞர்களின் உழைப்பு மண், உரம், தொற்று என்று மூன்றாகப் பிரிந்தது.

அடிலெய்டின் வெய்ட் வேளாண் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ராண்டில்ஸ் 1970களில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் திட்டத்தின்கீழ் பிக்கோலுக்கு வந்தபோது, டீனரின் செய்தி உலகுக்குத் தெரிந்திருந்தது. அவர் துகளைத் தேடவில்லை. நோயுற்ற ஓலைகளிலிருந்தும் நலமான ஓலைகளிலிருந்தும் நியூக்ளிக் அமிலங்களைப் பிரித்து ஒப்பிட்டார். நோயுற்ற மரங்களில் மட்டும் இரண்டு ஆர்.என்.ஏ. பட்டைகள் தெரிந்தன. அது 1975இல் அச்சேறியது. அடுத்த ஆண்டே அவை வைராய்டு போன்ற அமைப்புடையவை என்று, டீனரும் சேர்ந்தெழுதிய கட்டுரை காட்டியது. 1977இல் வந்தது மிக முக்கியமான சான்று: அந்த ஆர்.என்.ஏ. அடங்கிய வடிசலைச் செலுத்திய தென்னங்கன்றுகளில் அதே ஆர்.என்.ஏ. பெருகியது. அதே ஆய்வில் நோயுற்ற மரங்களுக்கு நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளும் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. ஜமைக்காவில் தென்னைகளை அழித்த மஞ்சள் நோய் டெட்ராசைக்ளினுக்கு அடங்கியது. அது பைட்டோபிளாஸ்மா என்ற செல்சுவரற்ற பாக்டீரியாவால் வருவது. கடாங்-கடாங் அடங்காததால் அந்தச் சந்தேகமும் நீங்கியது. மண்ணின் நச்சைக் கன்றின் உடலில் ஊசியால் ஏற்றிப் பெருக வைக்க முடியாது. வெலாஸ்கோவின் வாதத்துக்கு இதுவே நேரடியான பதில் என்று கருதுகிறேன்.

1982இல் இதன் முழு எழுத்து வரிசை வெளிவந்தபோது இன்னொரு வியப்பும் உறுதியாயிற்று. நோயின் முதற் கட்டத்தில் மரத்தில் இருப்பது 246 எழுத்து வடிவம். நோய் முற்ற முற்ற, இழையின் ஒரு முனையிலுள்ள 41 முதல் 55 எழுத்துகள் வரையான பகுதி இரட்டித்து, இழை நீண்டுவிடுகிறது. ஒரே மரத்தின் ஓலைகளை ஆண்டு வரிசையில் எடுத்து ஆராய்ந்தால், நோயின் வயதை அந்த இழையின் நீளமே சொல்கிறது. தனக்கென ஒரு நொதிகூட இல்லாத இந்த இழை, தென்னை தன் மரபணுக்களைப் படியெடுக்க வைத்திருக்கும் நொதியையே தன்னைப் பெருக்கப் பயன்படுத்துகிறது. சிறு எழுத்து மாற்றங்கள் சில, ஓலையின் அகலமே குறைந்து ஈர்க்கு மட்டும் நிற்கும் கடுமையான வடிவத்தை உண்டாக்குவதாக 1993இல் ரோட்ரிகஸும் ராண்டில்ஸும் காட்டினார்கள்.

கண்டுபிடித்து என்ன பயன், மரங்கள் செத்துக்கொண்டுதானே இருக்கின்றன என்று கேட்பவர்கள் உண்டு. பிக்கோல் விவசாயி கேட்டால் அந்தக் கேள்விக்கு நான் தலைவணங்குவேன். மருந்து இல்லை, முழுமையாக எதிர்த்து நிற்கும் இரகமும் கைவசம் இல்லை, இழந்த மரத்துக்கு மறுநடவு செய்வதே இன்றும் பரிந்துரை. இருந்தாலும் அறிவு எதையும் மாற்றவில்லை என்பது சரியன்று. உரமும் நுண்ணூட்டமும் கொட்டி நோயை ஆற்றலாம் என்ற வீண்செலவு நின்றது. அறிகுறி தோன்றுமுன்பே ஓலைத்துணுக்கில் நோயைக் கண்டறிய முடிந்தது. குவாம் தீவில் 1917இலேயே பதிவான தினங்காஹா என்ற தென்னை நோய், இதற்கு நெருங்கிய உறவான 254 எழுத்து வைராய்டால் வருவது என்று தெரிந்தது. மலேசியாவின் எண்ணெய்ப்பனைகளில் ஓலைப்புள்ளிகளோடு இதே வைராய்டின் வேற்று வடிவங்கள் இருப்பதும் தெரியவந்தது. எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குத் தென்னை விதையும் மகரந்தமும் போகலாம் என்ற தனிமைப்படுத்தல் விதிகளுக்கு இந்த அறிவே அடிப்படை.

ஒன்று மட்டும் இன்றுவரை திறந்தே கிடக்கிறது: இயற்கையில் இது மரம் விட்டு மரம் எப்படிப் போகிறது என்பது. விதையாலும் மகரந்தத்தாலும் மிகக் குறைந்த அளவில் போவது காட்டப்பட்டிருக்கிறது. பிக்கோலில் நடந்த பேரழிவை அந்தச் சிறிய அளவால் விளக்க முடியாது. பூச்சி எதுவும் உறுதியாகவில்லை. இந்த இடத்தில்தான் பழைய பிழை திரும்பவும் தலைகாட்டும் ஆபத்து இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் தேடியும் கடத்தி கிடைக்கவில்லை, ஆகவே கடத்தியே இல்லை, ஆகவே மண்தான் என்று மறுபடியும் சுற்றி வரும் வாதத்தை ஏற்க முடியாது. மேலும், கன்றில் ஊசி ஏற்றிய ஒரு சோதனை, தோப்பில் நடப்பதற்கு முழுச் சான்று ஆகுமா என்று கேட்பவர்களுக்கும் இடம் உண்டு. அது தனியாக நின்றிருந்தால் போதாது என்றே நானும் சொல்வேன். ஆனால் நோயுற்ற மரங்களில் மட்டும் இருப்பது, நோயோடு சேர்ந்து வடிவம் மாறுவது, குவாமில் நெருங்கிய உறவான வைராய்டு நெருங்கிய அறிகுறிகளைத் தருவது ஆகிய மூன்றும் அதோடு சேரும்போது, வேறெந்த விளக்கத்தையும்விட இது உறுதியாக நிற்கிறது.

நம் பக்கத்துத் தென்னைக்கும் இப்படியொரு நீண்ட வரலாறு உண்டு. 1882 வெள்ளத்துக்குப் பின் திருவிதாங்கூரில் ஈராட்டுப்பேட்டை வட்டாரத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் வேர்வாடல் நோய்க்கு பூஞ்சை, நூற்புழு, சத்துக்குறைவு என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டப்பட்டு, பைட்டோபிளாஸ்மாதான் காரணம் என்பது 1980களில்தான் தெளிந்தது. அங்கே நுண்ணோக்கி உதவியது; பிக்கோலில் அது உதவவில்லை. தஞ்சாவூர் வாடல் நோய்க்கோ கேனோடெர்மா பூஞ்சை காரணம். மூன்றிலும் ஓலை மஞ்சளாகும், காய் குறையும். தோப்பில் நின்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. பூஞ்சைக்குச் சொன்ன மருந்து பைட்டோபிளாஸ்மாவுக்கு உதவாது, வைராய்டுக்கு எதுவுமே உதவாது.

இந்தியாவில் கடாங்-கடாங் வேரூன்றவில்லை. தேனியிலும் கோவையிலும் கன்னியாகுமரியிலும் வேர்வாடலோடு போராடிக்கொண்டிருக்கும் தென்னை விவசாயிகளுக்கு இன்னொரு நோயைத் தாங்கும் வலு இல்லை. பிலிப்பைன்ஸிலோ குவாமிலோ மலேசியாவிலோ வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள், நல்ல இரகம் என்று ஆசைப்பட்டு ஒரு நெற்றையோ கன்றையோ பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் சோதனைக்கு உட்படாமல் எந்தத் தென்னை விதையும் நம் கரையில் இறங்கக் கூடாது.